கதிர் பொறுக்கிய ஏழு ஆண்டுகள்

(நமது சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில், பி பிளாக்கில் குடியிருக்கும் போதகர் ஆற்றிய உரை. அவரே எழுத்தில் தந்தது.)



நோட்டீஸ் போர்டில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு லிஃப்டில் ஒரு பெரியவர் முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார். நான் விவிலிய ஆய்வில் பட்டம் வாங்கியவன் என்று சொன்னேன். "அப்படின்னா வலிக்குப் பிரார்த்தனையாவது பண்ணுங்க" என்றார். பண்ணினேன். வலி எப்படி இருக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வேலையும் வீடும் வைத்துக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பது எப்படி என்று பேசச் சொன்னார் செயலாளர். இந்தக் குடியிருப்பிலேயே அப்படிப் படிக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்களாம். நான் படித்த பாடம் உங்களில் பலருக்குப் பழக்கமில்லாதது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் ரூத் என்று ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. நான்கே அதிகாரம், 85 வசனம். அதற்கு ஏழு ஆண்டா என்று என் மைத்துனர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பார். கதை இதுதான். பெத்லெகேமில் பஞ்சம் வருகிறது. நகோமி என்பவள் கணவனோடும் இரண்டு மகன்களோடும் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே கணவனும் சாகிறான், மணமான இரண்டு மகன்களும் சாகிறார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்புகிற மாமியாரை விட்டுப் போக மாட்டேன் என்று மருமகள் ரூத்தும் கூடவே வருகிறாள். அவள் வேற்று நாட்டுக்காரி, விதவை, நிலமில்லாதவள். அறுவடை நேரம். வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுகிறாள். அந்த வயலின் சொந்தக்காரன் போவாஸ். பின்னால் அவனுக்கும் ரூத்துக்கும் திருமணம் நடக்கிறது. மாமியார் மருமகள் கதை என்பதால் உங்களுக்குச் சீரியல் நினைவு வரலாம். இதில் சண்டை கிடையாது.

எபிரெய மூலத்தில் இரண்டாம் அதிகாரத்தில் மட்டும் 'பொறுக்கு' என்ற வினை பன்னிரண்டு முறை வருகிறது. அதுதான் என் ஆய்வின் மையம். தமிழில் 'பொறுக்கி' என்ற சொல் இன்று என்ன ஆகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த என் மகள் பள்ளியில், "எங்க அப்பா பொறுக்கிகளைப் பத்தி பிஎச்.டி. பண்றாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். வயலில் பசிக்காகக் குனிந்து பொறுக்கியவர்களின் பெயர் எப்படி வசவாயிற்று என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு வந்தேன். அந்த விளக்கம் பிறகு ஆய்வேட்டில் நான்கு பக்கம் ஆனது.

இந்தப் புத்தகத்துக்கும் தமிழுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்ட பின் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ரூத் புத்தகம் வரைக்கும் வந்தார். 1719இல் இறந்துபோனார், வயது 36. மீதியை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே முடித்தார். சபை, பள்ளிக்கூடம், அச்சகம், மனைவி, கைக்குழந்தை, தீராத வயிற்று நோய், இவற்றுக்கு நடுவில் மொழிபெயர்த்தவர் அவர். பகுதிநேர ஆய்வாளர்கள் சங்கம் என்று ஒன்று தொடங்கினால் அவர் படத்தைத்தான் மாட்ட வேண்டும்.

எனக்கு இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். பட்டம் வாங்கினால் சபையில் சம்பளம் ஏறாது. இடமாற்றமும் நிற்காது. ஒரு வாலிபர் கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்ட கேள்விதான் காரணம். "ஐயா, ரூத்தைத் தொடக்கூடாதுன்னு போவாஸ் வேலைக்காரங்களுக்குக் கட்டளை போடறாரே, அப்படின்னா மத்த பொண்ணுங்களைத் தொட்டாங்களா?" நான் இருபது ஆண்டாக ரூத்தின் சுறுசுறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தவன். அந்த வயலில் ஒரு பெண்ணுக்கு என்ன ஆபத்து இருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

பகுதிநேரமாகச் சேர்வதற்கு வேலை செய்யுமிடத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும். யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கலாம். பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள், பலருக்கு யாரும் சொல்வதில்லை. தொடக்கத்தில் பாடவகுப்புகளும் உண்டு. பகுதிநேரம் என்பதற்காக அதில் தள்ளுபடி கிடையாது. நான் சேர்ந்தபோது முந்தைய விதி, ஆனால் ஆறு ஆண்டு வரம்பு அப்போதும் இருந்தது. மற்ற விவரங்களைச் சேருகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு வந்த முதல் அடி என் நெறியாளரிடமிருந்து. முதல் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார்: இது பிரசங்கம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. ஞாயிறு காலைக்குள் பதில் கண்டுபிடித்தாக வேண்டும், கேட்பவர்களைக் கேள்வியோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது, இது என் தொழிலின் பழக்கம். ஆய்வில் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். அதைப் பழகுவதற்குள் மறுபக்கம் கெட்டது. சபை மூப்பர் ஒருவர் ஆராதனை முடிந்து தனியாக அழைத்து, "ஐயா, எபிரெய வார்த்தையை மட்டும் அடுத்த வாரம் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார்.

நேரம் எப்படிக் கிடைத்தது? இங்கே நமது சங்கத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் சபைக்குக் குருமனை இல்லை, வாடகை வீடு. இரண்டு அறை, நான்கு பேர், அதில் என் அம்மாவுக்குப் பக்கவாதம். புத்தகம் விரிக்க இடமில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் பூட்டியே கிடந்த வாசிப்பறையை விடிகாலை நாலரை முதல் ஆறரை வரை பயன்படுத்த அனுமதி கேட்டேன். அப்போதைய நிர்வாகம் கொடுத்தது. மின்கட்டணம் பற்றி ஒருவர் புகார் எழுதினார். பொதுக்குழுவில் அரை மணி நேரம் விவாதம் நடந்து ஒரு டியூப் லைட் மட்டும் போடலாம் என்று தீர்மானம் ஆனது. ஃபேன் பற்றித் தீர்மானத்தில் எதுவும் இல்லாததால் ஏழு வருடம் அதைப் போட்டுக்கொண்டேன்.

அந்த அறைக் கதவைத் தினமும் திறந்துவிட்டவர் அப்போது நம்மிடம் இருந்த இரவுக் காவலர். ஒடிசாக்காரர். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் என் மேசைக்கு வந்து எட்டிப் பார்த்தார். வலமிருந்து இடமாக நான் விரல் வைத்து வாசிப்பதைப் பார்த்து, "உருதுவா சார்?" என்றார். எபிரெயம் என்றேன். என்ன கதை என்று கேட்டார். அவருடைய தமிழிலும் என்னுடைய இந்தியிலும் சேர்த்துச் சொன்னேன். கதிர் பொறுக்குவது என்றதும் அவர் முகம் மாறியது. நெல் அறுத்த வயலில் சின்ன வயதில் அவரும் அம்மாவும் பொறுக்கியிருக்கிறார்களாம். "அந்தப் பொண்ணு ஒரு நாள்ல எவ்வளவு பொறுக்கினா?" என்று கேட்டார்.

ஒரு எப்பா அளவு பார்லி என்று புத்தகம் சொல்கிறது. ஏறக்குறைய இருபது லிட்டர் கொள்ளும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பார்லி என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். நான் கையை விரித்து அளவு காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "சார், உதிர்ந்ததைப் பொறுக்கினா இவ்வளவு வராது. நாங்க காலையிலிருந்து சாயங்காலம் வரை பொறுக்கினா இவ்வளவுதான்" என்று இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். "வயல்காரன் சொல்லி வேணும்னே விட்டிருப்பான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் சொன்னதற்கு ஒரு வசனத்துக்கு முன்னால் அதுவே இருக்கிறது. கட்டுகளிலிருந்து சிலவற்றை உருவி அவளுக்காக விட்டுவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று போவாஸ் ஆட்களுக்குச் சொல்கிறான். நான் நூறு தடவை படித்த வசனம். அந்தக் கட்டளையையும் அந்த அளவையும் சேர்த்து நான் பார்த்ததே இல்லை. உழைத்தால் உயரலாம் என்பதற்கு உதாரணமாகவே ரூத்தைச் சொல்லி வந்தேன். அவள் உழைத்தாள், உண்மை. ஆனால் அந்தப் பன்னிரண்டு கிலோ உழைப்பால் மட்டும் வந்ததல்ல. இன்னொருவர் விட்டுக்கொடுத்தது அதில் இருக்கிறது. அவளுக்கு அது தெரிந்திருந்ததாகவும் கதை சொல்லவில்லை.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமானது.

நான்காம் ஆண்டில் இந்த அத்தியாயத்தை முடித்து அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். அந்த வாரம் எங்கள் சபையில் ஒரு பாட்டியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. விதவை. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் வந்து திருவிருந்து கொடுக்கும்படி திங்கட்கிழமை சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று பதில் சொன்னேன். வியாழன் இரவு அத்தியாயத்தை அனுப்பினேன். வெள்ளி காலை ஐந்தேகாலுக்கு வாசிப்பறையில் இருக்கும்போதே போன் வந்தது. இரவிலேயே பாட்டி இறந்துவிட்டார். அவருடைய மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தது. திங்கட்கிழமையே எடுத்து வைத்ததாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார்.

நான் அனுப்பிய அத்தியாயம், வயதான விதவையைக் கைவிடாத ஒரு பெண்ணைப் பற்றியது.

அடக்க ஆராதனை நடத்தினேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. நெறியாளர் இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "நீங்க விட்டா பாட்டி திரும்பி வரப்போறாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டாள்.

அந்த எட்டு மாதத்தில்தான் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவளோடு வேலை செய்கிற பெண் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, அக்காவை இனிமேலாவது ஞாயிறு நைட் டூட்டியை விடச் சொல்லுங்க. டே ஷிப்ட் கேட்டா தருவாங்க. அக்காதான் வருஷக்கணக்கா நைட்டையே கேட்டு வாங்குறாங்க" என்றார்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. போதகர்களுக்கு ஓய்வு நாள் திங்கள். திங்கள்தோறும் நான் காலையிலேயே கிளம்பிக் கீழ்ப்பாக்கத்தில் குருகுல் இறையியல் கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுவேன். மாலைதான் திரும்புவேன். அன்று மட்டும் மனைவி பகலில் வீட்டில் இருப்பாள், அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அவளுடைய டூட்டி அப்படி அமைந்துவிட்டது என்று நான்கு வருடம் நினைத்திருந்தேன். கடவுள் கொடுத்த ஏற்பாடு என்று சாட்சிகூடச் சொல்லியிருக்கிறேன், மைக்கில். இரவு முழுவதும் வார்டில் நின்றுவிட்டு வந்தவள் பகலிலும் தூங்காமல் விட்டுக்கொடுத்த திங்கட்கிழமை அது. உதிர்ந்து கிடந்ததாக எண்ணி நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "இதைப் போய் யார் சொன்னா?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில், வாரத்தில் நான் படிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாருடையது என்று எழுதினோம். வேடிக்கையாகத்தான் தொடங்கினோம். விடிகாலை இரண்டு மணி நேரம் என்னுடைய தூக்கம், சரி. திங்கள் அவளுடையது. சனிக்கிழமை மாலை மகளுடையது. அவளை நான் நீச்சலுக்கு அழைத்துப் போவது எப்போது நின்றது என்று எனக்கே நினைவில்லை, அவள் மாதத்தோடு சொன்னாள். புதன், வியாழன் பிற்பகல் சபையாருடையது. பாட்டியம்மாவின் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

பகுதிநேரமாகப் படிக்கிறவர்களுக்கு நேர மேலாண்மை பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். நான் சொல்லக்கூடியது அந்த நோட்டைத்தான். எழுதிப் பாருங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து எழுதுங்கள். தனியாக எழுதினால் பொய் எழுதுவோம்.

மீண்டும் தொடங்கியபோது சில மாற்றங்கள் செய்தோம். மனைவி ஞாயிறு இரவை மாதத்தில் இரண்டாகக் குறைத்தாள். மற்ற திங்கள்களில் அம்மாவை நான் பார்த்தேன். இன்னொன்று, நான் ஆராய்ந்த சட்டத்திலிருந்தே கிடைத்தது. லேவியராகமத்தில் அறுவடை பற்றி ஒரு விதி உண்டு. வயலின் ஓரம் வரைக்கும் தீர அறுக்கக்கூடாது, அதை ஏழைக்கும் வேற்றூரானுக்கும் விட்டுவிட வேண்டும். எவ்வளவு விட வேண்டும் என்று அங்கே இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத சட்டத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இதற்கு அளவு கிடையாது என்று முதலில் சொல்லிவிட்டு, ஆனாலும் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்கிறது. நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளில் அறுபதில் ஒரு பங்கு 24 நிமிடம்.

அன்று முதல் மாலை ஐந்து முதல் ஆறு வரை எதையும் திட்டமிடுவதில்லை. படிப்பு இல்லை, கமிட்டி இல்லை, போன்கூட இல்லை. வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் சில வாரம் யாருமே வரவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. வராத நாளில் அம்மாவை நாற்காலியில் பால்கனிக்கு நகர்த்தி, கூட உட்கார்ந்திருப்பேன். பேச்சு குழறும், பாதி புரியாது. கீழே சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டு ஆடி மாதம் அம்மா தவறினார். உங்களில் பலர் வந்திருந்தீர்கள்.

ஆறு ஆண்டில் முடியவில்லை. அந்த எட்டு மாதத்துக்கு விலையாக ஓராண்டு நீட்டிப்புக் கேட்டு, அபராதக் கட்டணம் கட்டி, ஏழாம் ஆண்டில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், எப்பா அளவு பற்றிய பகுதியில் ஓர் அடிக்குறிப்பைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று கேட்டார். 'இரவுக் காவலர் ஒருவருடன் உரையாடல், விடிகாலை' என்று போட்டிருந்தேன். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்தக் காவலரை அதற்குள் ஏஜென்சி வேறு எங்கோ மாற்றிவிட்டது. பழைய எண் வேலை செய்யவில்லை. அந்த அடிக்குறிப்பு அவருக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது அவர் தொடர்பு இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணின் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்கலாம். கிடைத்தது, 60 பக்கத்தில். சுருக்கமாகச் சொன்னால், ஆமாம், அந்த வயல் பாதுகாப்பான இடமல்ல. நகோமியே அதை மருமகளிடம் சொல்கிறாள். அவள் இப்போது வேலைக்குப் போய்விட்டாள், வேறு ஊரில். போன் செய்து சொன்னேன். "ஐயா, நான் அப்படிக் கேட்டேனா?" என்றாள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வாசிப்பறையின் இன்னொரு சாவி இத்தனை நாள் என்னிடமே இருந்தது. சி பிளாக்கில் ஒரு சகோதரி வணிகவியலில் பகுதிநேர ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறார். வங்கி வேலை, இரண்டு குழந்தைகள். செயலாளரிடம் கேட்டுவிட்டு நேற்று சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு டியூப் லைட் தீர்மானம் இன்னும் அமலில் இருக்கிறது. ஃபேனைப் பற்றி யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.